மக்காவுக்குப் போன ஓடாவி

கைபிடி வேலாப்போடியாரின் கையோடு வந்துவிட்டது.

மேல்வீட்டைப் பார்த்து முடித்து அவர் இறங்கிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் தும்மல் வந்தது. தும்மல் வந்தால் மனிதன் எதையாவது பிடிப்பான். அவர் படிக்கட்டின் கைபிடியைப் பிடித்தார். முதிரை மரக் கைபிடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு துண்டு, இத்தனை வருடமும் இவருக்காகத்தான் காத்திருந்தேன் என்பது போல, கழன்று அவர் கையில் வந்து இருந்தது.

அவர் அதைக் கீழே போடவில்லை. சம்பந்தம் பேச வந்த வீட்டில் எதையும் விழுத்தக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கோயில் பூசாரி வேலாயுதத்தைப் பிடிக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணியையும் இடது கையால்தான் குடித்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற புஸ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் இங்கிலீசு படித்து, சோதனை பாஸ் பண்ணி, பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்குப் படிப்பிக்கிற முதல் பெண் அவள். அதனால் இந்த நேரத்தில் ஒரு பிரயோசனமும் இல்லை. மட்டக்களப்பில் மாப்பிள்ளை என்பவன் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறவன். ஆகவே மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலில் பார்ப்பது வீட்டை. கூரை ஒழுகுமா, கிணற்றுத் தண்ணீர் உப்பா, முகட்டு வளையில் கறையான் உண்டா என்று பார்ப்பார். பெண்ணையா? பெண் எங்கே போய்விடப் போகிறாள்? அம்மி எப்படி வீட்டோடு வருகிறதோ அப்படி அவளும் வருவாள்.

“வீடு எங்களுக்குப் புடிச்சிரிக்கு,” என்றார் வேலாப்போடியார். “மேல்வீடு இரிக்கிற வீடு இந்தப் பக்கத்தில வேற ஏது? ஆனா படி சரியில்ல. வெள்ளென எழும்பி முகம் கழுவ இறங்கிற நேரம் எங்கட பொடியன் விழுந்து இடுப்பை முறிச்சானெண்டா, எங்கட குடிக்கு ஆர் பதில் சொல்லிற?”

“செய்விச்சிருவம்,” என்று புஸ்பத்தின் தாய் ஆச்சிப்பிள்ளை அவசரமாகச் சொன்னாள்.

“செய்விச்சுப்போட்டுச் சொல்லியனுப்புங்க. பொடியன்ட தங்கச்சிக்கு ஆனியில கல்யாணம். அது முடிய, ஆவணியில இவங்களுக்கு நாள் வைப்பம்.”

எழுந்து போனார். போகும்போது கைபிடித் துண்டை ஊன்றிக்கொண்டே தேற்றாத்தீவுக்குப் போகும் வண்டியில் ஏறினார். அதைத் திருப்பிக் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பொடியனின் பெயர் அழகரத்தினம். அவனும் வாத்தியார்தான். போன மாரியில் சித்தாண்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தபோது புஸ்பத்திடம் குடை இரவல் வாங்கினான். கம்பி முறிந்த குடை. அடுத்த கிழமை, சொன்ன நாளில், முறிந்த கம்பியைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தான். ஒரு சாமானைச் சொன்ன நாளில் திருத்திக் கொடுக்கிற ஆணை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். இனி அந்தத் தீர்மானத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு மட்டும்தான் நின்றது.

“இதுக்கென்ன, ரெண்டு ஆணி,” என்றான் அவளுடைய தம்பி பூபாலபிள்ளை.

அவன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பேனா பிடித்த கையால் சுத்தியலைப் பிடித்தான். அவனுக்கு அவசரம் இருந்தது. அக்காள் கல்யாணமாகாத குமராக இருக்கத் தம்பி மணவறை ஏறுவது ஊரில் இல்லாத காரியம். ஏறாவூரிலிருந்து எருவில் வரைக்கும் தேடினாலும் அப்படி ஒருவனைக் காட்ட முடியாது. அவனுக்காக ஒரு பெண்ணும் அவளுடைய தகப்பனும் எவ்வளவோ காலமாகக் காத்திருந்தார்கள். தகப்பன் இப்போதெல்லாம் கச்சேரி வாசலுக்கே வந்து நின்று இருமத் தொடங்கியிருந்தார்.

முதல் ஆணிக்கு மரம் வெடித்தது. இரண்டாவது ஆணிக்கு அந்தப் பக்கத்துக் கைபிடி முழுவதும், தாங்கிய கட்டைகளோடு சேர்ந்து, நெல் அவிக்கிற கிடாரத்துக்குள் விழுந்தது.

“டேய், படியைத் திருத்திறியா, வீட்டையே இறக்கிறியா?” என்று மேலேயிருந்து ஆச்சிப்பிள்ளை கேட்டாள்.

பூபாலபிள்ளை சுத்தியலை வைத்துவிட்டு, கச்சேரியில் வேலை கிடக்கிறதென்று போய்விட்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பிறகுதான் காத்தான்குடிச் சாலிஹ் ஓடாவிக்கு ஆள் போனது. வீட்டு மரவேலைக்கு ஆற்றுக்கு இக்கரை எழுவான்கரையில் அவரைப் போல ஓடாவி இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் தொடங்கிய வேலைகளைத்தான் எல்லாரும் கண்டிருந்தார்கள்.

வந்தார். வெள்ளைத் தொப்பி, சாரன், தோளில் தன்னைவிடப் பாரமான ஆயுதப் பெட்டி. பெட்டியை இறக்கி வைத்து, ஒவ்வொரு படியாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

“இது மவுத்து,” என்றார், செத்தவரைச் சொல்வது போல. அடுத்த படியைத் தட்டினார். “இதுவும் மவுத்து. இது இழுத்துக்கொண்டிரிக்கு. ரீச்சர் புள்ள, ஆர் சொன்ன உங்களுக்குக் கைபிடி பழுதெண்டு?”

“அது கையோட வந்திட்டுது காக்கா,” என்றாள் புஸ்பம், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

“கைபிடியில ஒரு குறையும் இல்ல. பாவம், அதுதான் இவ்வளவு நாளும் படியைப் புடிச்சுக்கொண்டு நிண்டிரிக்கு. படிக்குள்ள கறையான். எல்லாத்தையும் பிரிக்கணும்.”

“பிரிச்சா எப்ப முடியும்?”

“வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்ன முடிச்சுத் தாறன்.”

“எந்த வெள்ளிக்கிழமை?”

சாலிஹ் ஓடாவி அவளை மனவருத்தத்தோடு பார்த்தார். “படிச்ச புள்ளைகள்ட்ட இதுதான் கரைச்சல். எல்லாத்தையும் கேக்கிறது.”

பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. புஸ்பம் பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் படிக்கட்டு இருந்த இடத்தில் வானம் போல ஒரு வெளி இருந்தது. அவள் உள்ளே காலை வைக்கும்போது தாயின் குரல் மேலேயிருந்து கேட்டது.

“காக்கா, படி எங்க?”

“பிரிச்சிட்டன் அக்கா.”

“நான் மேல இரிக்கன்.”

“ஓம், அதைத்தான் நானும் பாக்கிறன். ஒரு சத்தம் போட்டிருந்தா நீங்க இறங்கினாப் பிறகு பிரிச்சிருப்பன்.”

“நித்திரை கொள்ளுற மனிசி எப்பிடிச் சத்தம் போடுற?”

ஏணி ஒன்று இருந்தது. கூரை வேய்கிறவர்கள் விட்டுப்போன மூங்கில் ஏணி. புஸ்பம் அதைக் கொண்டுவந்து சார்த்தினாள். ஆச்சிப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“இது என்ட சீதன வீடு. இதுக்குள்ள நான் கள்ளன் மாதிரி ஏணியில இறங்கமாட்டன். படியைக் கட்டுங்க, இறங்கிறன்.”

“அம்மா, அது நாளாகும்!”

“ஆகட்டும். எனக்கு ஆவணியிலயா கல்யாணம்?”

அன்றிலிருந்து ஓலைப்பெட்டியில் கயிறு கட்டிச் சோறு மேலே போனது. உப்புக் காணாது என்ற செய்தியோடு பெட்டி கீழே வந்தது. வெற்றிலை மேலே போனது. சுண்ணாம்பு எங்கே என்ற கேள்வி கீழே வந்தது. ஒரு மனிதப் பிறவியை மேல்வீட்டில் வைத்துப் பராமரிக்க இன்னும் என்னென்ன மேலே போய்க் கீழே வரவேண்டும் என்பதைப் படிக்கிறவர்களே யோசித்துக்கொள்ளட்டும். அத்தனையையும் ஏற்றி இறக்கியவள் புஸ்பம். பூபாலபிள்ளைக்கு அந்த மாதம் முழுவதும் கச்சேரியில் வேலை கூடிப்போனது.

இந்த நிலைமையில்தான் ஆற்றுப்பக்கப் படலையைத் திறந்துகொண்டு ஒரு தோணிக்காரன் வந்தான். கையில் துடுப்பு, முழங்கால் வரை சேறு.

“சாலிஹ் ஓடாவியார் இஞ்சையா?”

“ஆர் நீங்க?”

“கோணாமலை. படுவான்கரையில இருந்து வாறன். ஓடாவியார் அங்க ஒரு வீட்டைப் பாதியில விட்டுப்போட்டு வந்திட்டார்.”

ஓடாவி புதுப் பலகையொன்றைச் சீவிக்கொண்டிருந்தார். தோணிக்காரனைக் கண்டதும், மறந்துபோன மனைவியைச் சந்தையில் கண்ட மாதிரி முகம் மாறியது.

“அட, ஓம். அது ஒண்டிரிக்கு. ரீச்சர் புள்ள, நான் ஒரு எட்டு ஆத்துக்கு அக்கரை போட்டு வாறன். நாளைக்கு இல்லாட்டி மறுகா.”

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். தோணி போனது. நாளை வந்தது, மறுகாவும் வந்தது, ஓடாவி வரவில்லை. சீவின பலகையில் கோழி ஏறி நித்திரை கொண்டது. பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. புத்தாண்டுக்குப் பொங்கிய பொங்கல் ஓலைப்பெட்டியில் மேலே போனது. ஆச்சிப்பிள்ளை மேல்வீட்டு ஜன்னலில் நின்று தெருவில் போகிற சனத்துக்கெல்லாம் கைவிசேஷக் காசை எறிந்து கொடுத்தாள்.

அழகரத்தினத்திடமிருந்து ஒரு வாத்தியார் வழியாக வாய்ச்சொல் வந்தது. “படி எப்பிடி இரிக்காம்?” என்று கேட்டானாம். அவ்வளவுதான். இருந்தாலும் புஸ்பம் அதைக் கேட்டுவிட்டு அடுத்த வகுப்பில் கணக்கைப் பிழையாகப் போட்டாள்.

அவள் வண்டி பிடித்துக் காத்தான்குடிக்குப் போனாள்.

ஓடாவியின் வீட்டு வாசலில் கதவு இல்லை. ஒரு சாக்குத் தொங்கியது. சாக்கை விலக்கிக்கொண்டு அவருடைய மனைவி கைறுன்னிஸா வந்தாள்.

“என்ன ரீச்சர் பாக்கிறீங்க? கதவா? என்னைக் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து செய்யிறார்.”

“காக்கா எங்க?”

“படுவான்கரையில. இல்லாட்டி ஏறாவூரில. இல்லாட்டி உங்கட வீட்டில. எனக்கிட்டக் கேட்டு என்ன, நானும் உங்களை மாதிரி ஒரு வீட்டுக்காரிதான், எனக்கும் வேலை முடியேல்ல.” கைறுன்னிஸா குரலைத் தணித்தாள். “ரீச்சர், அவர் ஏன் ஒரு வேலையும் முடிக்கிறல்ல எண்டு தெரியுமா? வேலை முடிஞ்ச வீட்டுக்காரர் அடுத்த நாள் ஓடாவியைக் கண்டா முகத்தைத் திருப்புவாங்க. முடியாத வீட்டில தயிரும் சீனியும் வரும். ‘காக்கா இருங்க, காக்கா சாப்பிடுங்க’ எண்டுவாங்க.”

“அப்ப நான் என்ன செய்யிற?”

“ஆளைப் புடிச்சு வைக்க ஏலாது. பெட்டியைப் புடிச்சு வைங்க. பெட்டி இரிக்கிற வீட்டிலதான் அவர் இரிப்பார். அவர்ட வாப்பா குடுத்த பெட்டி. என்னை விட்டுப்போட்டுப் போனாலும் போவார், அதை விட்டுப்போட்டுப் போகமாட்டார்.”

ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் சொன்ன புத்தி. இந்தக் கதையில் யாரும் யாருக்கும் சொன்ன ஒரே நல்ல புத்தி அதுதான். அதனால்தான் எல்லாம் நாசமாய்ப் போனது.

அடுத்த முறை ஓடாவி வந்தபோது, “இருங்க காக்கா, கை கழுவுங்க,” என்று புஸ்பம் எருமைத் தயிரும் சீனியும் வைத்தாள். அவர் கை கழுவப் போன நேரம், பெட்டியைக் கயிற்றில் கட்டினாள். மேலே நின்று ஆச்சிப்பிள்ளை இழுத்தாள். கிணற்று வாளி இழுத்த கை. பெட்டி போய்ச் சேர்ந்ததும் அவள் அதன் மேலேயே ஏறி இருந்துவிட்டாள்.

“அக்கா, பெட்டியைத் தாங்க.”

“வந்து எடுங்க.”

ஓடாவி ஏணியில் ஏறினார். புஸ்பம் ஏணியை எடுத்துவிட்டாள்.

பிறகு ஓடாவியின் தலை எட்டிப் பார்த்தது.

“ரீச்சர் புள்ள, இது நியாயமா?”

“பொழுது சாயக்குள்ள ஏணி வரும் காக்கா. தொழுகைக்குத் தண்ணி பெட்டியில வரும். பகலெல்லாம் வேலை.”

“மரம் கீழ இரிக்கு!”

“மரமும் வரும்.”

“படியை மேல இருந்து கீழ ஆரும் கட்டுற இல்ல புள்ள!”

“நீங்க கட்டுங்க.”

இப்படியாக ஆச்சிப்பிள்ளை வீட்டுப் படிக்கட்டு ஆகாயத்திலிருந்து தொடங்கியது. காலையில் ஓடாவியை ஏற்றிவிட்டு, ஏணியை எடுத்துப் பூட்டிவிட்டுப் புஸ்பம் பள்ளிக்கூடம் போவாள். திரும்பி வந்தால் மேல்வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். ஓடாவிக்கும் ஆச்சிப்பிள்ளைக்கும் ஊர்ச் சாவு, நெல் விலை, யார் யாரை விட்டுவிட்டு ஓடியது என்று பறைய நிறைய இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து இறால் கறி மேலே போனது. காலி ஏனம் கீழே வந்தது. படிகள் மட்டும் மெல்ல, மிக மெல்ல, ஒரு கஞ்சன் கொடுக்கிற பிச்சை போல ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி இறங்கின.

தோணிக்காரன் கோணாமலை மறுபடி வந்தான். அவனைப் படலையடியிலேயே புஸ்பம் மறித்தாள்.

“ஓடாவி இஞ்ச வாற இல்ல.”

போய்விட்டான். பிறகும் வந்தான்.

“ஓடாவிக்குக் காய்ச்சல்.”

அதற்கும் போய்விட்டான். ஆனால் அவன் கூலிக்கு வருகிறவன் போல வரவில்லை, நேர்த்திக்கடனுக்கு வருகிறவன் போல வந்தான். வைகாசியில் ஒரு நாள் துடுப்பை ஊன்றிக்கொண்டு படலையடியில் நின்றவன் நகரவே இல்லை.

“ரீச்சர், காய்ச்சல் மாறியிருக்கும். நான் கூட்டிக்கொண்டுதான் போவன்.”

புஸ்பம் மேலேயிருந்து இறங்கி வருகிற படியைப் பார்த்தாள். பாதி வந்திருந்தது. இந்த மனிதன் ஓடாவியைக் கண்டால் பாதியோடு போய்விடும். அந்த வாரம்தான் காத்தான்குடியிலிருந்து சிலர் கப்பலேறப் புறப்பட்டிருந்தார்கள்.

“அவர் ஹஜ்ஜுக்குப் போய்ட்டார்,” என்றாள்.

கோணாமலை வாயைத் திறந்தான்.

“மக்காவுக்கா?”

“மக்காவுக்குத்தான். கப்பல்ல. வர எவ்வளவோ காலம் செல்லும்.”

மேலேயிருந்து சர், சர் என்று சீவுளி ஓடும் சத்தம் வந்தது.

“அது என்ன சத்தம்?”

“அம்மா தேங்காய் துருவிறா.”

மேலே ஓர் ஆண் இருமினான்.

“அம்மாவுக்குத் தடிமன்,” என்றாள் புஸ்பம்.

அவன் பொய்யைக் கண்டுபிடித்தானா, மக்காவுக்குப் போன மனிதனைப் பற்றிச் சந்தேகப்படுவது பாவம் என்று நினைத்தானா தெரியவில்லை.

“அப்பிடியெண்டா சரி. ஆனா ரீச்சர், அந்த வீட்டுப் புள்ள இரிந்து அழுகுது. கதவில்லாத வீட்டுக்குள்ள ராவையில காட்டுப்பண்டி வருது.”

“ஆர்ட வீட்டுப் புள்ள அழுதாலும் எனக்கென்ன? நான் அழுகிறத ஆர் வந்து பாத்த?”

அவன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். அன்று பின்னேரம் முழுவதும் புஸ்பத்துக்கு அந்த வீட்டுப் பெண்ணின் நினைவுதான். படுவான்கரையில் முகம் தெரியாத ஒருத்தி. அவளும் தன்னைப் போலத்தான் ஒரு மரத்துண்டை நம்பி இருக்கிறாள். ஆனால் இரக்கப்பட்டால் படி முடியாது. ஒரு ஓடாவியை இரண்டு பெண்களுக்குப் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் பாதிதான் கிடைக்கும். பெண்களை இப்படி ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கப் பண்ணிய ஊரின் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு அடுத்த பலகையைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள்.

பொய் தோணியில் போய், படுவான்கரையைச் சுற்றி, வண்டியேறிக் காத்தான்குடிக்கு வந்து சேர்ந்தது. ஓடாவி ஒரு காலையில் தலையில் துவாயைப் போர்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன செய்துவச்சிரிக்கீங்க புள்ள? ஊரெல்லாம் நான் மக்காவிலயாம்! பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா என்ட மனிசிட்ட வந்து, ‘சாலிஹ் வரக்குள்ள சம்சம் தண்ணி கொண்டருவானா’ எண்டு கேட்டிரிக்கா. பள்ளிவாசல்ல எனக்காக துஆ ஓதிரிக்காங்க. நான் பின் வரிசையில நிண்டு ஆமீன் சொல்லிட்டன்!”

“மன்னிச்சுக்கொள்ளுங்க காக்கா.”

“இனி எப்பிடி நான் தெருவில போற? ஹாஜிமார் எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தன் முகத்திலயும் முழிக்க ஏலா. வேற எந்த வேலைக்குத்தான் போக ஏலும்? படுவான்கரைக்குப் போனா, கப்பல்ல போனவன் எப்பிடித் தோணியில வந்த எண்டு கேப்பாங்க!”

புஸ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கத்தால் அல்ல, சிரிப்பை மறைக்க. மாதக்கணக்கில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு காரியம் சரிவந்திருந்தது.

உண்மையிலேயே சரிவந்தது. ஒளிந்திருக்க வேறு இடம் இல்லாத சாலிஹ் ஓடாவி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்தார். ஆனி போனது, ஆடி வந்தது. கடைசிப் படி நிலத்தைத் தொடவில்லை. முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. மேலிருந்து கட்டினால் அப்படித்தான் என்று ஓடாவி சத்தியம் செய்தார். கீழே ஒரு கருங்கல்லைப் போட்டார்கள். புதுக் கைபிடி யானையைக் கட்டினாலும் அசையாது. ஆச்சிப்பிள்ளை நல்ல நேரம் பார்த்து, பட்டுச் சேலை உடுத்து, கைபிடியைத் தடவிக்கொண்டே இறங்கி வந்தாள். கல்லைத் தாண்டி நிலத்தில் கால் வைத்ததும், “நிலம் சுடுகுது புள்ள,” என்றாள்.

தேற்றாத்தீவுக்கு ஆள் போனது. அன்று தொடக்கம் புஸ்பம் குடையை விரித்து விரித்துப் பார்த்தாள்.

வேலாப்போடியார் வந்தார். கையில் ஊன்றுகோல். அதற்கு வெள்ளிப் பூண் போட்டிருந்தார், ஆனாலும் புஸ்பத்துக்கு அடையாளம் தெரிந்தது. அந்த வீட்டுக் கைபிடிதான்.

“வயல் வட்டையில வேலை. அங்க இருந்து நேரே தோணியில வந்திட்டன்,” என்றார். “தோணியைப் பாலத்தடியில கட்டிப்போட்டு அவன் பின்னால வாறான். தயிர் கொண்டாந்தம்.”

படியில் ஏறினார். நடுவில் நின்று கைபிடியைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. பொய்யாக ஒரு தும்மலும் தும்மிப் பார்த்தார். அசையவில்லை. இறங்கி வந்தார், கதிரையில் இருந்தார். மேல் மூலையில் கடைசி வாணிஸ் பூசிக்கொண்டிருந்த சாலிஹ் ஓடாவி முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மூலைக்குள் ஒதுங்கினார்.

“சோக்கான வேலை. இப்பிடி ஒரு படியை நான் கண்டதில்ல.”

“அப்ப நாளை வைப்பமா?” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

வேலாப்போடியார் ஊன்றுகோலின் பூணைத் தடவினார்.

“அதைச் சொல்லத்தான் நேரில வந்தன். நாள் வைக்க ஏலாது.”

கதவுக்குப் பின்னால் புஸ்பத்தின் கை நிலையைப் பிடித்தது.

“பொடியன்ட தங்கச்சிர கல்யாணம் குழம்பிப் போச்சு. அவளுக்கெண்டு படுவான்கரையில வட்டையோட ஒரு வீடு எழும்பினது. வேலை நடுவில நிண்டு போச்சு. வாசலுக்குக் கதவில்ல. கதவில்லாத வீட்டுக்கு எங்கட பொடியனை அனுப்பமாட்டம் எண்டு மாப்பிள்ளைப் பகுதி ஆனி முடிய ஒதுங்கிட்டாங்க. இனி அவளுக்கு வேற இடம் பாக்கணும். தங்கச்சி குமராக இரிக்க அழகரத்தினம் எப்பிடி மணவறையில ஏறுற? உங்கட வீட்டிலயும் ஒரு பொடியன் அப்பிடித்தானே நிக்கிறான்?”

ஆச்சிப்பிள்ளை வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

புஸ்பம் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் என்பதை மறந்து முன்னே வந்துவிட்டாள்.

“ஏன்... வேலை ஏன் நிண்டது?”

“எனக்கென்ன தெரியும் மகள்? மூணு நாலு மாசமா அதுக்கு அலைஞ்சவன் நம்மட தோணிக்காரன்தான். இந்தா வாறான், அவனைக் கேளுங்க.”

முன் படலையைத் திறந்துகொண்டு, இரண்டு கையிலும் தயிர்ச் சட்டிகளோடு, முழங்கால் வரை சேற்றோடு கோணாமலை உள்ளே வந்தான். புஸ்பத்தைக் கண்டு நின்றான். புதுப் படிக்கட்டைப் பார்த்தான். அதன் வழியே கண்ணை மெல்ல மேலே, மேலே கொண்டுபோய் மூலையில் நிறுத்தினான். தயிர்ச் சட்டிகளைப் பக்குவமாகக் கருங்கல்லில் இறக்கி வைத்துவிட்டு, பக்தியோடு கையைக் கூப்பினான்.

“பெரியவர், நம்மட கதவு ஓடாவி மக்காவில இருந்து வந்திட்டார். அந்தா, மேல நிண்டு வாணிஸ் பூசிறார்.”